இருபத்தெட்டாம் மாடத்தின் கதவு

செர்ராவெந்தோ
8 அக்டோபர் 2017, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உண்மையாகவே எழுதப் போகிறேன். எனக்குப் பாதகமாக இருந்தாலும் விடமாட்டேன், உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் மாற்றமாட்டேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் "சாப்பிட்டியா?" என்பீர்கள். நான் "ம்" என்பேன். "ஸ்கூல் எப்படி?" "ம்." அதற்குப் பிறகு நீங்கள் ஸ்விட்சர்லாந்திலும் நான் இத்தாலியிலும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்போம். எழுதினால்தான் எனக்குப் பேச்சு வருகிறது.

விஷயம் நம் மாடத்தைப் பற்றியது. நாடக அரங்கின் இரண்டாம் அடுக்கில், மேடையை ஒட்டிக் கடைசியாக இருக்கிற இருபத்தெட்டாம் எண் மாடம், கதவு போட்ட அந்தச் சின்னப் பார்வையாளர் அறை.

போன அக்டோபர் பூகம்பத்தில் விதானத்தில் விரிசல் விட்டதிலிருந்து அரங்கு பூட்டியே கிடக்கிறது. நகராட்சியிடம் பணம் இல்லை. ஆனால் ஒரு வழி இருக்கிறது. பிறப்பு இறப்புப் பதிவு, நூலகம், கலைப் பிரிவு மூன்றையும் ஒரே மேஜையிலிருந்து பார்க்கிற நஸ்ஸரேனா அக்கா எனக்கு விளக்கினார். பொதுச் சொத்தான பழைய கட்டடத்தைச் சீர்செய்ய ஒருவர் நூறு யூரோ நன்கொடை கொடுத்தால், அதில் அறுபத்தைந்தை அரசாங்கம் மூன்று வருடத்தில் அவருடைய வரியிலிருந்து கழித்துவிடும். ஆர்ட் போனஸ் என்று பெயர்.

'பொதுச் சொத்து' என்பதுதான் சிக்கல். ஊர்க் குடும்பங்கள் ஆளுக்கொரு மாடத்துக்குப் பணம் போட்டுக் கட்டிய அரங்கு இது. நாற்பத்திரண்டு மாடங்களில் நாற்பத்தொன்றை அந்தந்தக் குடும்பங்கள் நகராட்சிக்கே கொடுத்துவிட்டன. மீதி ஒன்று, உங்கள் பெயரில் இருப்பது. அது தனியார் கையில் இருக்கும்வரை அரங்கு முழுமையாகப் பொதுச் சொத்து ஆகாது. ஆகாவிட்டால் வரிக் கழிவு இல்லை. வரிக் கழிவு இல்லாமல் யாரும் கொடுக்கப் போவதில்லை.

மூன்று பேர் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். பெரிய தொகை ஷூ ஃபேக்டரி முதலாளி ஃபாவுஸ்தோவினுடையது. டிசம்பர் 31க்குள் நடந்தால்தான் தருவாராம், கழிவு இந்த வருடக் கணக்கிலேயே வேண்டுமாம். அவர் பெயரைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து மறுபடி எடுங்கள்.

உங்கள் கையெழுத்து ஒன்றுதான் வேண்டும். மாடத்தை நன்கொடையாகக் கொடுத்தால் அதன் மதிப்பில் அறுபத்தைந்து சதவீதம் உங்களுக்கும் திரும்பி வரும். நானே கணக்குப் போட்டேன்.

இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது. மாடத்தின் சாவியைச் சமையலறை ஆணியிலிருந்து எடுத்து என் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன், அதுவும் தெரியாது. நீங்கள் போனதிலிருந்து அம்மா இஸ்திரி போட்ட துணிகளை உங்கள் நாற்காலியில் அடுக்குகிறாள். சாப்பிடும்போது எதிரே துணிதான் உட்கார்ந்திருக்கிறது.

உனக்கு ஏன் இந்த அக்கறை என்று நீங்கள் கேட்டால், சரியான பதில் இன்னும் என்னிடம் இல்லை. தெரிந்ததும் எழுதுகிறேன்.

உங்கள்
டெல்ஃபினா


வின்டர்தூர்
19 அக்டோபர்

டெல்ஃபினா,

கடிதம் வந்தது. கையெழுத்து அழகாகிவிட்டது. பதில்: முடியாது.

ஃபாவுஸ்தோவின் ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருஷம் தோல் வெட்டினேன். தையல் பிரிவை ருமேனியாவுக்குக் கொண்டுபோன பிறகு, தைக்க ஆள் இல்லாத இடத்தில் வெட்ட ஆள் எதற்கு என்று கேட்டான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கேட்டான், கையையும் குலுக்கினான். இப்போது அவன் கலையைக் காப்பாற்றப் போகிறான், அதற்கு நான் வழிவிட வேண்டும்.

அறுபத்தைந்து சதவீதம் எனக்குத் திரும்பி வருமா? மாடத்தில் நாலு நாற்காலி. நாலில் அறுபத்தைந்து சதவீதம் என்றால் இரண்டரைச் சொச்சம். அரை நாற்காலியில் எப்படி உட்காருவது என்று நஸ்ஸரேனாவிடம் கேட்டுச் சொல்.

அந்த மாடம் நமக்குப் பணத்தால் வரவில்லை. என் தாத்தாவின் தாத்தா தச்சர். நாற்பத்திரண்டு கதவையும் அவர்தான் செய்தார். கூலிக்குக் காசு போதாமல், யாரும் வாங்காத மாடத்தைக் கொடுத்தார்கள். அங்கிருந்து மேடை பாதிதான் தெரியும். மீதிக்கு, நடிகர்கள் நுழையக் காத்திருக்கும் ஓரம் தெரியும். மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்கும் ராஜாக்களை உன்னைப் போல வேறு எந்தக் குழந்தையும் பார்த்திருக்காது.

நாற்பத்தொரு கதவும் ஒரு விரலால் தள்ளினால் திறக்கும். அவருடைய சொந்தக் கதவு மட்டும் வம்பு. மேலே கொஞ்சம் தூக்கி, அப்புறம் தள்ள வேண்டும். தெரியாதவன் தள்ளிக்கொண்டே நிற்பான். இடைவேளையில் நான் உனக்கு மிட்டாய் வாங்கப் போய்விட்டு வருவேன். கதவு தூக்கப்படும் சத்தம் கேட்டதுமே நீ உள்ளேயிருந்து "அப்பா வந்தாச்சு" என்பாய். உனக்கு ஞாபகம் இருக்காது.

வீடு உன் அம்மா பெயரில். காரை விற்றாயிற்று. அந்த ஊரில் என் பெயர் இருப்பது அந்த மாடத்தின் பத்திரத்தில் மட்டும்தான்.

உள்ளே போகாதே, விதானம் விழும். சாவியை ஆணியில் மாட்டு. சாப்பிட்டாயா?

அப்பா


செர்ராவெந்தோ
1 நவம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் சொல்லை மீறி உள்ளே போனேன். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

விரிசலைப் பார்க்க எஞ்சினியர் வந்திருந்தார். நஸ்ஸரேனா அக்கா என்னிடம் சாவி கேட்டார். நானும் வருகிறேன் என்றேன்.

"உன் தலையில ஒரு கல்லு விழுந்தா உங்க அம்மா என் தலையை எடுத்துருவா."

"ஹெல்மெட் இருக்குல்ல அக்கா?"

"ஹெல்மெட் கல்லுக்குத்தான். உங்க அம்மாவுக்கு இல்ல."

ஆனாலும் கொடுத்தார். எஞ்சினியர் நம் கதவைக் கையால் தள்ளினார். தோளால் மோதினார். "பூகம்பத்துல இறுகிப்போச்சு, உடைச்சுத்தான் எடுக்கணும்" என்றார். நான் அவருக்கு முன்னால் புகுந்து, தூக்கித் தள்ளினேன். திறந்துவிட்டது.

"இது யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார்.

"தபால்ல வந்துச்சு" என்றேன்.

உள்ளே நாலு நாற்காலியும் அப்படியே இருக்கின்றன. மூன்று மேடையைப் பார்த்து. ஒன்று மட்டும் ஓரத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது, அது என்னுடையது. கைப்பிடி வெல்வெட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் ஆறு வயதில் நான் செருகி வைத்த மிட்டாய்க் காகிதம் இருந்தது. எலிகூட அதை எடுக்கவில்லை. விதானத்தின் விரிசல் வழியாக வானம் ஒரு கோடாகத் தெரிந்தது.

இனி கஷ்டமான பகுதி. அறுபத்தைந்து சதவீதம் உங்களுக்கும் வரும் என்று எழுதினேன் அல்லவா? அது தப்பு. நஸ்ஸரேனா அக்காவிடம் நாற்காலிக் கணக்கைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றிவிட்டார். வரிக் கழிவு பணமாகக் கொடுத்தால் மட்டும்தானாம். மாடம், கதவு, நாற்காலி எதற்கும் கிடையாது. அதுவும் இங்கே வரி கட்டுகிறவர்களுக்குத்தான். நீங்கள் இப்போது அங்கே கட்டுகிறீர்கள். ஆகவே உங்களுக்கு ஒன்றும் வராது. பாதி நாற்காலிகூட வராது. நான் சட்டத்தை முழுவதும் படிக்காமல் உங்களுக்கு ஆசை காட்டிவிட்டேன். மன்னித்துவிடுங்கள். ஆனாலும் கேட்கிறேன், கொடுங்கள்.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ரொட்டிக் கடையில், "சாவிக்காரி வந்துட்டா, வழி விடுங்க" என்கிறார்கள். வகுப்பில் என் பெயர் இப்போது இருபத்தெட்டு. மதியம் நான் புத்தகத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். பக்கத்தில் புத்தகம் இருந்தால் தனியாக இருப்பது தெரியாது என்று நினைத்திருந்தேன். தெரிகிறதாம். என் வகுப்பு மர்த்தினா சொன்னாள்.

மூக்கைத் துடைத்த ராஜாவை எனக்கு ஞாபகம் இருக்கிறது. கதவுச் சத்தமும்.

டெல்ஃபினா


வின்டர்தூர்
11 நவம்பர்

டெல்ஃபினா,

தப்புக் கணக்கை ஒப்புக்கொண்டாய், நல்லது. பெரியவர்கள் அதைச் செய்து நான் பார்த்ததில்லை.

ஆனால் இப்போது விஷயம் இன்னும் தெளிவாகிவிட்டது. பணம் வைத்திருப்பவன் கொடுத்தால் பாதிக்கு மேல் திரும்பிவிடும். கதவு வைத்திருப்பவன் கொடுத்தால் கொடுத்ததுதான். ஃபாவுஸ்தோவுக்குத் திரும்பி வருகிற அந்த அறுபத்தைந்து எங்கிருந்து வருகிறது? கஜானாவிலிருந்து. கஜானாவுக்கு எங்கிருந்து வந்தது? இருபத்திரண்டு வருஷம் என் சம்பளச் சீட்டில் வரி பிடித்தார்கள். என் காசில் அவன் பெயரைச் சலவைக்கல்லில் வெட்டப் போகிறார்கள். அதை முன்கூடத்தில் மாட்டுவார்கள். அவன் என் மாடத்தில் உட்கார்ந்து பார்ப்பான்.

ஒன்று கேட்கிறேன். இதையெல்லாம் எழுதச் சொல்வது யார்? நஸ்ஸரேனாவா? உன் அம்மாவா? அம்மா சொல்லித்தான் எழுதுகிறாய் என்றால், அதையும் உண்மையாக எழுது.

இன்று சான் மர்த்தீனோ திருநாள். என்னோடு சமையலறையைப் பங்கிட்டிருக்கும் ஜொவாக்கிம் சுட்டுத் தின்கிற கஷ்கொட்டை வாங்கி வந்தான், போர்ச்சுகலிலும் இன்று அதுதான் சாப்பிடுவார்களாம். கருகிவிட்டது. ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிரில் நின்று தின்றோம். அவனுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவன் பாஷை தெரியாது. கஷ்கொட்டை நன்றாக இல்லை என்று மட்டும் இருவருக்கும் புரிந்தது.

பணிமனையில் பஸ்களைக் கழுவும்போது, ஜனங்கள் விட்டுப்போன பொருள்களை நான்தான் சேர்த்து வைக்கிறேன். குடைக்கு வருகிறார்கள். பைக்கு வருகிறார்கள். ஒற்றைக் கையுறையைத் தேடி ஒருத்தரும் வருவதில்லை. ஒரு பெட்டி நிறைந்துவிட்டது.

மர்த்தினாவிடம் உன் அப்பா சொன்னதாகச் சொல், அவள் மூக்கு கோணல்.

அப்பா


செர்ராவெந்தோ
3 டிசம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நான்தான். ஆனால் இப்போது அம்மாவுக்குத் தெரியும். உங்கள் கடிதம் என் கோட்டுப் பையில் இருந்தது, இஸ்திரி போட எடுத்தாள். படித்துவிட்டு மடித்து, கோட்டையும் இஸ்திரி போட்டு, கடிதத்தை அதே பையில் வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை பள்ளிக்கூடத்து ஹாலில் அரங்குக்காகக் கூட்டம் போட்டார்கள். நகராட்சி மண்டபத்திலும் விரிசல். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மேயர் வரிக் கழிவைப் பற்றிப் பேசினார். ஃபாவுஸ்தோ முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சலவைக்கல்லின் படத்தைக் காட்டினார்கள், அவர் பெயர் உச்சியில் இருந்தது. கேள்வி உண்டா என்றார்கள். நான் கை தூக்கிவிட்டேன். உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்திருந்தேன், அதனால்தான்.

"நூறு யூரோவுல முப்பத்தஞ்சுதான் அவரோடது. அறுபத்தஞ்சு வரி கட்டுற எல்லாரோடதும். அப்போ கல்லுல மூணுல ஒரு பங்குலதானே அவர் பேரு இருக்கணும்?"

சிரித்தார்கள். மேயர், "பாப்பா, இது கணக்கு வகுப்பு இல்ல" என்றார்.

"போர்டுல எழுதியிருக்கே, கணக்கு வகுப்புன்னு" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். இன்னும் சிரித்தார்கள்.

ஃபாவுஸ்தோ திரும்பிப் பார்த்தார். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "யாரு வீட்டுப் பொண்ணு?"

"எல்பீடியோ பொண்ணு" என்றார் நஸ்ஸரேனா அக்கா.

ஃபாவுஸ்தோ எழுந்து நின்றார். "நீ சொல்ற கணக்கு சரிதாம்மா. ஆனா நூறையும் முதல்ல நான்தான் கையிலேர்ந்து எடுத்து வைக்கணும். மூணு வருஷம் காத்திருக்கணும். முப்பத்தஞ்சு எனக்குப் போனது போனதுதான். சரி, உங்க அப்பா என்ன குடுக்குறாரு?"

அப்பா, நான் என்னவெல்லாமோ சொல்லியிருக்கலாம். இருபத்திரண்டு வருடம் என்று சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை நாலு மணி என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் தொண்டை வரை வந்தது. ஆனால் அவர் கேட்டது அது இல்லை. "இன்னும் ஒண்ணும் குடுக்கல" என்றேன்.

அவ்வளவு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். உங்களிடம் மறைக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன். யாரும் என் பக்கம் பார்க்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து அம்மா வந்து என் கோட்டை எடுத்துக்கொடுத்தாள். அவள் வந்திருந்ததே எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "அப்பாவுக்கு ஃபாவுஸ்தோ மேல கோவம், அதான் குடுக்க மாட்டேங்குறாங்க, இல்ல?"

அம்மா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். "கோவமும் உண்டு. ஆனா அந்த மாடம் இருக்குறவரைக்கும், ஊருக்கு வரணும்னா அதைப் பாக்க வந்தேன்னு சொல்லிக்கலாம். அதையும் குடுத்துட்டா, நம்மளைப் பாக்கத்தான் வந்தேன்னு சொல்லணும். உங்கப்பாவுக்கு அதுதான் கஷ்டம்."

பிறகு, "இதை எழுதாதே" என்றாள். அப்புறம், "எழுதுனா எழுதிக்கோ" என்றாள்.

எனக்கு ஏன் இந்த அக்கறை என்பதற்குப் பதில் கண்டுபிடித்துவிட்டேன். அரங்கு திறந்தால் நாடகம் இருக்கும். நாடகத்துக்கு ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதியை எழுதி உங்களை வரச் சொல்லலாம். வெறுமனே 'வாங்க' என்று எழுத எனக்கும் வரவில்லை.

டெல்ஃபினா


வின்டர்தூர்
14 டிசம்பர்

டெல்ஃபினா,

உள்ளே இருக்கும் காகிதத்தை மடிக்காதே. முத்திரை போட்ட அசல்.

ஜூரிக்கில் நம் துணைத் தூதரகத்துக்குப் போய் வாங்கினேன். அரை நாள் விடுப்பு. மாடத்தை நகராட்சிக்குக் கொடுக்க, என் சார்பில் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடும் அதிகாரம். யார் பெயருக்கு என்று கவுன்டரில் இருந்த அம்மாள் கேட்டாள். நஸ்ஸரேனா நகராட்சி ஆள், அவள் கூடாதாம். வேறு யார் இருக்கிறார்கள் அந்த ஊரில்? உன் அம்மாவின் பெயரை முழுதாகச் சொன்னேன். லொரேதானா, பிறந்த ஊர், பிறந்த தேதி. தேதி சரியாக ஞாபகம் இருந்தது.

"பதிலுக்கு உங்களுக்கு என்ன கிடைக்குது?" என்று அவள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

"வரிக் கழிவுகூடவா?"

"என் பொண்ணு சட்டத்தைப் படிச்சுட்டா. இல்லையாம்."

அவள் முத்திரையைக் குத்தினாள்.

நீ கூட்டத்தில் சொன்னதைப் படித்துவிட்டு இரண்டு நாள் உனக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன். மூன்றாம் நாள் பஸ் கழுவிக்கொண்டிருந்தபோது, நீ சொன்னது உண்மைதானே என்று தோன்றியது. அவன் கேட்டதற்கு அதுதான் பதில்.

ஃபாவுஸ்தோவின் பெயர் கல்லில் இருக்கட்டும். முப்பத்தைந்துக்கு உரியதை அவன் எடுத்துக்கொள்ளட்டும். நான் அறுபத்தைந்தில் இருக்கிறேன். அதில் கூட்டம் அதிகம், பெயர் எழுத இடம் பற்றாது.

சாவியை நஸ்ஸரேனாவிடம் கொடுத்துவிடு. கதவைத் தூக்கித் தள்ள வேண்டும் என்று அவர்களிடம் சொல், உடைத்துவிடப் போகிறார்கள்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. குடும்பம் இங்கே இருப்பவர்களுக்குத்தான் முதலில் விடுப்பு. எனக்கும் ஜொவாக்கிமுக்கும் இரண்டு நாளும் வேலை.

அம்மா சொன்னதை எழுதியிருந்தாய். அதற்குப் பதில் என்னிடம் இல்லை. தெரிந்ததும் எழுதுகிறேன்.

அப்பா


செர்ராவெந்தோ
31 டிசம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

இருபத்தெட்டாம் தேதி நோட்டரி அலுவலகத்தில் முடிந்தது. எண்ணும் தேதியும் ஒன்றாக அமைந்ததை நான் மட்டும்தான் கவனித்தேன்.

அம்மா நீலக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தாள். நோட்டரி சத்தமாகப் படித்தார். "எல்பீடியோ பென்னேஸி, அவர் சார்பில் அவருடைய மனைவி" என்று வந்ததும் நிறுத்தி, "இன்னும் மனைவிதானே?" என்று கேட்டார். பத்திரத்துக்காகத்தான் கேட்டார். அம்மா, "காகிதத்துல என்ன போட்டிருக்கு?" என்றாள். "மனைவின்னு." "அப்போ படிங்க" என்றாள். கையெழுத்துப் போட்டாள்.

மறுநாளே மூன்று நன்கொடைகளும் வங்கிக்கு வந்துவிட்டன. நஸ்ஸரேனா அக்கா எனக்கு ஒரு டப்பா சாக்லேட் கொடுத்தார். சாவியைக் கொடுத்தேன். ஆணி வெறுமனே இருக்கிறது.

அன்று சாப்பாட்டுக்கு முன் அம்மா துணிகளை உங்கள் நாற்காலியிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்தாள். மறுநாள் அவை மறுபடி நாற்காலிக்கே வந்துவிட்டன. அவள் துணியை எடுத்ததோடு நிறுத்தியிருந்தால் கடிதம் நன்றாக இருந்திருக்கும். ஆனால் உண்மையாக எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

புத்தாண்டு வாழ்த்துகள்.

டெல்ஃபினா


வின்டர்தூர்
12 நவம்பர் 2019

டெல்ஃபினா,

அரங்குத் திறப்பு அழைப்பிதழ் வந்தது. இருபத்துநாலாம் தேதி, ஞாயிறு, மாலை ஐந்து மணி. விடுப்பு கேட்டிருக்கிறேன். மேற்பார்வையாளர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கிடைத்தால் சனி இரவு ரயில். மிலானில் ஒன்று, அங்கோனாவில் ஒன்று, இரண்டு இடத்தில் மாற வேண்டும், ஏதாவது ஒன்று தாமதமாகும். ஸ்டேஷனில் வந்து நிற்காதே, குளிரும்.

அன்று அம்மா சொன்னதற்குப் பதில் இரண்டு வருஷமாக எழுதிப் பார்க்கிறேன். எழுத்தில் வரவில்லை. நேரில் சொல்கிற மாதிரி இருக்கிறது.

டிக்கெட் எவ்வளவு?

அப்பா


அரங்கு, இருபத்தெட்டாம் மாடம்
24 நவம்பர் 2019

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட வேண்டியிருக்குமா, கையில் கொடுத்துவிடுவேனா என்று எனக்கு இப்போது தெரியாது. மணி ஐந்தாக ஏழு நிமிடம். நோட்டை முழங்கால் மேல் வைத்து எழுதுகிறேன்.

டிக்கெட் எட்டு யூரோ. பொது விற்பனைக்கு வந்த முதல் நாளே இரண்டு வாங்கிவிட்டேன். நம் மாடம் இனி எல்லோருக்கும் உரியது, வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டும். மற்ற இரண்டு நாற்காலியில் மாச்செராத்தாவிலிருந்து வந்த ஒரு தம்பதி. அந்த அம்மாள் எனக்கு இருமல் மிட்டாய் கொடுத்தார்.

"இங்க யாராவது உக்காருறாங்களாம்மா?" என்று உங்கள் நாற்காலியைக் காட்டிக் கேட்டார்.

"எங்க அப்பா."

"வெளியில நிக்கிறாரா?"

"ஸ்விட்சர்லாந்துலேர்ந்து வரணும்."

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாள் தன் கைப்பையை அந்த நாற்காலியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முதலில் நான் என் கோட்டை அதில் போட்டிருந்தேன். அது வீட்டு நாற்காலி மாதிரி ஆகிவிட்டதால் எடுத்துவிட்டேன்.

முன்கூடத்தில் சலவைக்கல் இருக்கிறது. ஃபாவுஸ்தோவின் பெயர் உச்சியில், கீழே இன்னும் இரண்டு பெயர்கள். கல் பெரியது. கையால் அளந்து பார்த்தேன், பெயர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வருகின்றன. மீதி வெறுங்கல். இனிமேல் கொடுக்கப் போகிறவர்களுக்காக விட்டிருக்கிறோம் என்று நஸ்ஸரேனா அக்கா சொல்கிறார். அங்கே ஏற்கெனவே யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் போய் அந்த இடத்தில் கை வைத்தேன், குளிர்ந்திருந்தது. ஃபாவுஸ்தோ என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவருக்கு முதல் அடுக்கின் நடுவில் மாடம். பாவம், அங்கிருந்து முழு மேடையும் தெரியும், காத்திருப்பவர்கள் தெரியமாட்டார்கள்.

அம்மா கீழே, ஏழாவது வரிசையில். மாடத்துக்கு வரச் சொன்னேன். "அங்க ரெண்டு டிக்கெட்தானே வாங்கின?" என்றாள். நீலக் கோட்டுதான் போட்டிருக்கிறாள். நாலு தடவை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அதாவது, நான் பார்த்தது நாலு தடவை.

விதானத்தில் விரிசல் இருந்த இடத்தில் புது வெள்ளை. பழைய வெள்ளையோடு சேரவில்லை, கோடாகத் தெரிகிறது.

என் நாற்காலியை ஓரத்தைப் பார்த்துத் திருப்பிக்கொண்டேன். கிரீடம் வைத்த ஒருவர் அங்கே நிற்கிறார். உதடு அசைகிறது. வசனம் மறந்துவிடுமோ என்று பயம்போல. ஒரு காலை முன்னால் வைக்கிறார், மறுபடி எடுத்துக்கொள்கிறார்.

ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். கதவை உடைக்கவில்லை. நான் சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள். ஆனால் சரிசெய்துவிட்டார்கள். புதுக் கீல் போட்டு, அடியில் இழைத்துவிட்டார்கள். தச்சர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாரு, இப்ப குழந்தைகூட திறக்கலாம்" என்றார். நன்றி சொன்னேன். இப்போது யார் தள்ளினாலும் ஒரு விரலில் திறக்கிறது, சத்தமே இல்லை. மற்ற நாற்பத்தொன்றைப் போலவே ஆகிவிட்டது.

இதுவரை இரண்டு தடவை திறந்தது. ஒரு தடவை நிகழ்ச்சித் தாள் விற்கிறவர். இன்னொரு தடவை இடம் மாறி வந்த ஒருவர், மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். இரண்டு தடவையும் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

மூன்றாவது மணி அடித்துவிட்டது. கீழே இருமுகிறார்கள், உட்காருகிறார்கள். வெளியே நடையில் யாரோ வருகிற காலடிச் சத்தம் கேட்கிறது. ஒவ்வொரு கதவின் எண்ணையும் நின்று படித்துக்கொண்டு வருகிறவர்போல மெதுவாக வருகிறார். நம் கதவுக்கு வெளியே நின்றுவிட்டார். பழைய கதவாக இருந்தால், அவர் கை வைத்த உடனேயே எனக்கு யாரென்று தெரிந்திருக்கும்.

விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.